ஐந்நூற்று இருபத்தைந்து மடங்கு

பஞ்சு என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. இருபத்திரண்டு வயதில் அந்தக் கண்ணாடிக்கடையில் லென்ஸ் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தபோது, எந்நேரமும் கையில் ஓர் உருண்டைப் பஞ்சோடு திரிந்ததால் கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர். பிறகு பஞ்சுக்குப் பதில் மெல்லிய துணி வந்தது. துணிக்குப் பதில் தெளிக்கிற திரவம் வந்தது. பெயர் மட்டும் பஞ்சாகவே நின்றுவிட்டது. தலை நரைத்த பிறகு பெயர் இன்னும் பொருத்தமாகிவிட்டது என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

கடை கடைவீதியின் முனையில் இருந்தது. கீழ்த்தளம் முழுக்க மூக்குக்கண்ணாடி. குறுகலான மரப்படியில் ஏறினால் மேலே டெலஸ்கோப், பைனாகுலர், பள்ளிக்கூடங்களுக்கான மைக்ராஸ்கோப். அந்த மாடி பஞ்சுவின் ராஜ்யம். கீழே நாற்பது பேர் வருகிற நாளில் மேலே நாலு பேர் வந்தால் அதிகம். அந்த நாலில் மூன்று பேர் பைனாகுலரை எடுத்து எதிர்க்கட்டிடத்து ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வந்த வழியே இறங்கிவிடுவார்கள். மிச்சமிருக்கிற அந்த ஒருவருக்காகத்தான் பஞ்சு காலையிலிருந்து காத்துக்கொண்டிருப்பார்.

முதன்முதலாக டெலஸ்கோப் வாங்க வருகிறவர்களிடம் அவர் பெட்டியைத் திறக்கவே மாட்டார். முதலில் நாற்காலியைக் காட்டுவார். உட்கார்ந்ததும் கேள்வி. வீட்டில் எங்கே வைக்கப் போகிறீர்கள்? மொட்டைமாடியா, பால்கனியா? மாடிக்கு யார் தூக்கிக்கொண்டு போவது? எத்தனை படி? என்ன பார்க்க ஆசை? நிலாவா, கிரகமா, அல்லது வாங்கி வரவேற்பறையில் நிறுத்திவைத்தால் போதுமா? கடைசிக் கேள்விக்குச் சிலர் கோபப்படுவார்கள், சிலர் அசடு வழிவார்கள். பதிலைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்து போய் ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார். பாதிப் பேரிடம், இப்போதைக்கு ஒரு நல்ல பைனாகுலர் போதும், ஒரு வருஷம் வானத்தைப் பழகிவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவார். வியாபாரத்தைக் கெடுக்கிறாரே என்று கீழே இருந்தவர்கள் முணுமுணுத்ததுண்டு. ஆனால் அப்படி அனுப்பப்பட்டவர்கள் ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்தார்கள், இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கடையை நடத்திய முதலாளியம்மா அதைக் கவனித்திருந்தார். அதனால் ஒன்றும் சொல்லமாட்டார்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு தடவை சறுக்கினார். அந்த ஒரு தடவையின் கதைதான் இது.

அதற்கு முந்தைய வருஷம் வெளியூரில் நடந்த ஒரு பொருட்காட்சிக்கு முதலாளியம்மா போக முடியாமல் போய், பஞ்சுவை அனுப்பினார். முதன்முறையாகச் சரக்கு எடுக்கிற பொறுப்பு. அங்கே ஒரு கூடாரத்தில் பளபளவென்ற பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். பெட்டியின் மேல் வளையத்தோடு ஒரு பெரிய சனிக்கிரகம், பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஐந்நூற்று இருபத்தைந்து மடங்கு என்று போட்டிருந்தது. அந்த எண் வெறும் ஜம்பம் என்பது பஞ்சுவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அவ்வளவு சின்னக் கண்ணாடியை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிதாக்கினால் உருவம் கஞ்சித்தண்ணீர் மாதிரி கலங்கிவிடும். ஆனாலும் பெட்டி அழகாக இருந்தது, மாதிரிக்கு நிறுத்தியிருந்தது உறுதியாக நின்றது, விற்றவன் பேச்சில் தேன் சொட்டியது. பதினெட்டு எடுத்துக்கொண்டு வந்தார்.

வந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. பெட்டிக்குள் வந்த முக்காலி ஸ்டாண்டு மாதிரிக்கு வைத்திருந்தது இல்லை. தகரத்தை மடக்கிச் செய்த மெலிந்த கால்கள். பக்கத்தில் யாராவது தும்மினால் ஆடும். பஞ்சு ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் மூடிவைத்தார். பதினெட்டும் பரண் ஏறின. முதலாளியம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஏதாவது எடுக்க மேலே வரும்போதெல்லாம் பரணை அண்ணாந்து பார்த்து, உங்க ராக்கெட்டெல்லாம் எப்ப பறக்கும் பஞ்சு சார் என்று கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். பஞ்சுவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். உள்ளே மட்டும் சுருக்கென்று தைக்கும்.

தையல்காரம்மா வந்தது பள்ளி திறக்கிற சீசனுக்குக் கொஞ்சம் முன்னால். நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் அளவு டேப் தொங்கியபடியே இருந்தது, கழற்றி வைக்க மறந்து வந்திருக்கிறார். பஞ்சு வழக்கம்போல நாற்காலியைக் காட்டினார்.

தனக்கில்லை, வீட்டுக்காரருக்கு என்றார் அந்த அம்மா. அவர் கிரேன் ஓட்டியவர். கட்டிடம் கட்டுகிற இடங்களில் வானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்குமே, அந்த உயரக் கிரேன். இருபத்திரண்டு வருஷம் அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவர். சாயங்கால ஷிப்டில் கீழே எல்லோருக்கும் இருட்டிய பிறகும் அவருக்கு மட்டும் கொஞ்ச நேரம் வெளிச்சம் இருக்குமாம். ஒவ்வொரு நட்சத்திரமாக வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். அதில் ஒன்று மினுங்காமல் நின்று எரியும், மஞ்சளாக. அது சனி என்று யாரோ எஞ்சினியர் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அந்த வளையத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. இப்போது நுரையீரல் கெட்டுப்போய் வேலையை விட்டாயிற்று. ஒரு மாடி ஏறுவதற்கே நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. டாக்டர் நாள் எதுவும் சொல்லவில்லை, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுகிறார்.

"ஊரே சனி நம்மளப் பார்த்துடக் கூடாதுன்னு பயப்படுது. இவரு என்னடான்னா நான் சனியைப் பார்க்கணும்ங்கறாரு" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா சிரித்தார். பஞ்சுவும் சிரித்துவிட்டார். ரொம்ப நாள் கழித்து அவருக்குப் பிடித்தமான ஆள் ஒருவர் வந்திருக்கிறார்.

அவர் கை தானாகப் போனது ஒரு குட்டை டெலஸ்கோப் பக்கம். குடம் உயரம்தான் இருக்கும். வட்டப் பலகை மேல் கெட்டியாக உட்காரும், ஒரு ஸ்டூல் மேலோ மேசை மேலோ வைத்துவிடலாம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு விரலால் தள்ளித் திருப்பலாம். மூச்சு முட்டுகிற மனிதருக்கு இதைவிடத் தோதான ஒன்று இந்த உலகத்திலேயே இல்லை. எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். அந்த அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் கண் பரண் பக்கம் போயிற்று. ஒரு பெட்டியில் இருந்த சனிக்கிரகம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அதுல ஐந்நூத்தி இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கே அண்ணா. இது எத்தனை மடங்கு?"

"இது நாற்பத்தஞ்சு."

"விலை?"

இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை என்றார் பஞ்சு. அந்த அம்மா குட்டையைப் பார்த்தார், பரணைப் பார்த்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பார்கள். ஐந்நூற்று இருபத்தைந்து எங்கே, நாற்பத்தைந்து எங்கே. இந்த இடத்தில் பஞ்சு சொல்லவேண்டியிருந்தது ஒரே வாக்கியம். அந்த எண்ணை நம்பாதீங்கம்மா, அவ்வளவுதான். நூறு பேரிடம் நூறு தடவை சொல்லித் தேய்ந்த வாக்கியம். ஆனால் அன்றைக்கு முதலாளியம்மா மேலே வந்திருந்தார். நாலடி தள்ளி நின்று மைக்ராஸ்கோப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதுபட, நான் எடுத்துவந்த சரக்கு பொய்ச் சரக்கு என்று சொல்வதா? நாக்கு எழவில்லை.

"ரெண்டும் நல்லதுதாம்மா. உங்க இஷ்டம்" என்றார்.

அந்த அம்மா போனை எடுத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். இரண்டையும் விவரித்தார், ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக. பிறகு நீங்களே பேசுங்க என்று போனை பஞ்சுவிடம் நீட்டினார். மறுமுனையில் ஒரு பாட்டம் இருமல். அது அடங்கிய பிறகு, மெல்லிய, மரியாதையான குரல்.

"சார், அந்தப் பெரியதுல வளையம் தெரியுமா?"

"தெரியும் சார்."

"தெளிவா?"

முதலாளியம்மா பட்டியலிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"நல்லாவே தெரியும் சார்" என்றார் பஞ்சு.

பரணிலிருந்து பெட்டி இறங்கியது. ராக்கெட் ஒண்ணு கிளம்பிடுச்சு என்று முதலாளியம்மா போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். எப்படி மாட்டுவது என்று அந்த அம்மா கேட்டார். வழக்கமாக பஞ்சு இதற்கே அரைமணி நேரம் எடுத்துக்கொள்வார். பெட்டிக்குள் கண் வைத்துப் பார்க்கிற லென்ஸ் மூன்று இருக்கும். நாலு, பன்னிரண்டரை, இருபது என்று எண் போட்டிருக்கும். எண் குறையக் குறைய உருவம் பெரிதாகும், கூடவே மங்கும், ஆடும். அதனால் புதிதாகப் பார்க்கிறவர்கள் எப்போதும் இருபதில்தான் ஆரம்பிக்க வேண்டும். மடங்கைக் கூட்டுகிற குட்டிக் குழாயைத் தொடவே கூடாது. இதையெல்லாம் ஒவ்வொருவருக்கும் சொல்லுவார். ஆனால் இப்போது சொன்னால், அப்படியானால் ஐந்நூற்று இருபத்தைந்து எதற்கு என்று அந்த அம்மா கேட்பாரே. உள்ளே புத்தகம் இருக்கிறது, அதைப் பார்த்து மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி முடித்துக்கொண்டார். அந்தப் புத்தகம் எந்த மொழியில் இருந்தது என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு போன் வந்தது. பள்ளிகள் திறந்திருந்த நேரம். கீழே மூக்குக்கண்ணாடிக்கு வரிசை வாசல் வரை நின்றது. பஞ்சுவையும் கீழே இறக்கி, சட்டம் பொருத்துகிற வேலையில் உட்காரவைத்திருந்தார்கள். தையல்காரம்மா பேசினார். எதுவும் தெரியவில்லை அண்ணா, வெறும் புகை மாதிரி இருக்கிறது, பிடித்துவைத்தாலும் ஓடிவிடுகிறது என்றார். பஞ்சுவின் கையில் யாரோ ஒரு பிள்ளையின் கண்ணாடி, வாயில் ஒரு ஸ்க்ரூ. மேகமா இருக்கும்மா, இன்னொரு நாள் பாருங்க என்றார். சரிங்கண்ணா என்று அந்த அம்மா வைத்துவிட்டார். வரிசை குறைந்ததும் திருப்பிக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தார். வரிசை குறைய ஒன்பது நாள் ஆயிற்று. அதற்குள் நினைப்பும் போய்விட்டது.

அதன்பிறகு ஏறக்குறைய இரண்டு மாதம். ஒருநாள் மதியம் அந்த அம்மா படியேறி வந்தார். கையில் அதே பெட்டி. கழுத்தில் டேப் இல்லை. சண்டை போட வந்திருக்கிறார், போடட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று பஞ்சு மனசைத் திடப்படுத்திக்கொண்டார். அவர் சண்டை போட வரவில்லை. வீட்டுக்காரர் போய்ப் பதினெட்டு நாள் ஆகிறது என்றார். வீட்டில் இதைப் பார்க்கப் பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது, யாருக்காவது பயன்படட்டும், பணமெல்லாம் வேண்டாம் என்றார். பஞ்சு நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.

"சாமான்ல ஒரு குறையும் இல்லண்ணா. அவருக்குத்தான் கண்ணு போயிடுச்சு. எனக்கும் ஒண்ணும் புலப்படல, நான் நாள் பூரா ஊசி கோக்குறவ, எனக்கு எப்பவோ போயிருக்கும். முதல் நாள் பார்த்தப்ப வட்டமா, நடுவுல ஓட்டையோட வெள்ளையா தெரிஞ்சுது. அதான் வளையம்னு அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்த நாள் வேற நட்சத்திரத்தைப் பார்த்தாரு. அதுவும் அதே மாதிரி ஓட்டையோட இருந்துச்சு. எதைப் பார்த்தாலும் அதேதான். அப்புறம் அவரே சொல்லிட்டாரு, கண்ணும் கிளம்பிடுச்சுன்னு."

குவியம் சரியாக விழாவிட்டால் இந்த வகை டெலஸ்கோப்பில் எந்த நட்சத்திரமும் அப்படித்தான், நடுவில் ஓட்டையோடு வட்டமாகத் தெரியும். ஒரு திருகைத் திருப்பினால் சரியாகிவிடும். பஞ்சு இதைச் சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மா அதற்குள் வணக்கம் வைத்துவிட்டுப் படியிறங்கிக்கொண்டிருந்தார்.

பெட்டியைத் திறந்தபோது அவருக்கு அதை மூடிவிடலாம் போல இருந்தது. குழாய் முழுக்கப் பழைய மெத்தென்ற துணியால் உறை தைத்துப் போட்டிருந்தது. லென்ஸ் ஒவ்வொன்றுக்கும் உள்ளங்கை அளவில் ஒரு சுருக்குப்பை. எது எதற்கென்று தெரிய, பைமேல் நூலால் எண் தைத்திருந்தது. நாலு என்று தைத்த பை கசங்கி, வாய்ப்பக்கம் அழுக்கேறியிருந்தது. மடங்கைக் கூட்டுகிற குட்டிக்குழாயின் பையும் அப்படியே. பன்னிரண்டரை கொஞ்சம் புழங்கியிருந்தது. இருபது என்று தைத்த பைக்குள் இருந்த லென்ஸில் கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் நாடா இன்னும் பிரியவே இல்லை. அதை ஒருநாள்கூட மாட்டிப் பார்க்கவில்லை. கடையில் வாங்கும்போது பெரிய மடங்கு என்று வாங்கியாயிற்று, வீட்டில் போய் அதைத்தானே மாட்டுவார்கள்.

அன்று சாயங்காலம் கடை சாத்துகிற நேரத்தில் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஞ்சு மொட்டைமாடிக்குப் போனார். கால்கள் ஆடாமல் இருக்க, ஸ்டாண்டின் நடுவில் ஒரு பையில் நாலு செங்கல்லைப் போட்டுத் தொங்கவிட்டார். தூரத்து டவரைப் பார்த்துக் குறிபார்க்கும் குழாயைச் சரிபண்ணினார். இருபதின் நாடாவை நகத்தால் கிழித்து மாட்டினார். இருட்டத் தொடங்கியதும் மேற்கில் மஞ்சளாக ஒன்று நின்றது. திருப்பினார், திருகை மெல்ல நகர்த்தினார்.

வளையம் தெரிந்தது. சின்னதுதான், ஒரு பொட்டு அளவு. ஆனால் கூர்மையாக, தனியாக, யாரும் சந்தேகப்பட முடியாதபடி வளையம். இந்தச் சாமானில் தெரியவே தெரியாது என்று இருந்திருந்தால் மனசு ஆறியிருக்கும், மட்டமான சரக்கை விற்றுவிட்டோம் என்று திட்டிக்கொண்டு போயிருக்கலாம். இதில் தெரிகிறதே. ஒரு பை செங்கல்லும் ஐந்து நிமிஷப் பேச்சும் போதுமாயிருந்ததே. அந்த மனிதர் அத்தனை நாள் ஒரு மாடி ஏறி நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கியது, இந்த லென்ஸ் கைக்கெட்டுகிற தூரத்தில் பைக்குள் இருக்கும்போதுதானே. பஞ்சு கண்ணை எடுத்துவிட்டார். மறுபடி பார்க்கத் தோன்றவில்லை.

வீட்டில் அன்று தட்டில் போட்டது போட்டபடி இருந்தது. அவர் மனைவி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். எதையும் சுற்றிவளைத்துக் கேட்கிற பழக்கம் இல்லாதவர். என்ன ஆச்சு என்று நேராகக் கேட்டார். பஞ்சு ஒன்று விடாமல் சொன்னார். அந்த அம்மா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடப்போகிறேன் என்றும் சொன்னார். மனைவி அவர் தட்டை எடுத்து மூடிவைத்தார்.

"ஏங்க, சொல்லி அந்தம்மாவுக்கு என்ன ஆகப்போகுது?"

"உண்மை தெரியணும்ல."

"அவங்களுக்குத் தெரியணுமா, உங்களுக்குச் சொல்லணுமா? அதை யோசிச்சுட்டுப் போங்க."

பஞ்சு யோசித்தார். நாலு நாள் யோசித்தார். யோசிக்க யோசிக்க, சொல்லாமல் இருக்க முடியாது என்றுதான் பட்டது. கண்ணு போயிடுச்சு என்று நம்பிக்கொண்டு ஒரு மனுஷன் போயிருக்கிறார், அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான், அதை எப்படி வைத்துக்கொண்டிருப்பது என்று மனைவியிடம் மறுபடியும் வாதாடினார். மனைவி தலையை ஆட்டினார், சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பஞ்சு கடையின் பழைய பில்லில் இருந்து அந்த அம்மாவின் தையல்கடை விலாசத்தை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினார்.

ஒரு வணிக வளாகத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது தையல்கடை. ஓர் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத சாய்ந்த கூரை. ஒரு மெஷின், ஒரு இஸ்திரிப் பலகை, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட, சுருக்கவோ பெரிதாக்கவோ வந்த துணிகள். அந்த அம்மா ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். வாங்கண்ணா என்று சொல்லி ஒரு ஸ்டூலில் இருந்த துணியை எடுத்து இடம் கொடுத்தார். பஞ்சு உட்காராமலேயே ஆரம்பித்துவிட்டார். மடங்கு பற்றி, முக்காலி பற்றி, அந்தக் குட்டை டெலஸ்கோப் பற்றி. பாதியில் தான் சுற்றிவளைப்பது அவருக்கே தெரிந்தது.

"இருபதுன்னு போட்ட லென்ஸை மாட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும்மா. நான் அதைச் சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டுட்டேன்."

மெஷின் நின்றது. "மறந்துட்டீங்களா?"

"மறக்கல. தெரிஞ்சேதான் விட்டேன்."

அந்த அம்மா சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி ஊசியை மேலே தூக்கினார். துணியை இழுத்தார், நூலை அறுத்தார். அறுத்த இடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப அவரு கண்ணு நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்திருக்கும்மா."

"கண்ணு போயிடுச்சுன்னுட்டு மாடிக்கு ஏறுறதை விட்டாரு. அப்புறம் பேப்பர் படிக்கிறதையும் விட்டாரு. கடைசி ஒரு மாசம் ஜன்னல் பக்கம்கூடத் திரும்பல சார்."

பஞ்சு கவனித்தார். இதுவரை அண்ணா என்று கூப்பிட்டவர் சார் என்கிறார். மன்னிச்சுக்குங்க என்றார். அது தனக்கே கேட்காத மாதிரி இருந்தது, மறுபடியும் ஒரு தடவை சொன்னார். பிறகு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், ஒரு நாள் சாயங்காலம் கடை மாடிக்கு வந்தால் நானே காட்டுகிறேன், இன்னும் கொஞ்ச நாளைக்குத் தெரியும், அப்புறம் சூரியன் பக்கம் போய்விடும் என்றார்.

"நான் பார்த்து என்ன பண்றது? பார்க்கணும்னு ஆசைப்பட்டது நானில்லையே."

மேலே படியில் யாரோ ஓடுகிற சத்தம் தலைக்கு மேல் தடதடவென்று கேட்டது. அந்த அம்மா அடுத்த துணியை எடுத்து மடித்து மெஷினுக்கு அடியில் வைத்தார்.

"நீங்க நல்ல மனசோடதான் வந்திருக்கீங்க. ஆனா இதை நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம் சார். வயசாச்சு, கண்ணு போச்சுன்னு விட்டிருந்தேன். இனிமே எனக்கு அப்படி விட முடியாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. துணியின் அளவு சொல்வதுபோலச் சொன்னார். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

திரும்பி வந்த வழி பஞ்சுவுக்கு ஞாபகமே இல்லை. தன் நெஞ்சில் கிடந்த கல்லை எடுத்துக்கொண்டு போய் இன்னொருவர் நெஞ்சில் வைத்துவிட்டு வந்தாயிற்று. மனைவி கேட்டதற்கு அர்த்தம் இப்போதுதான் புரிந்தது. அவரிடம் சொன்னபோது அவர், நான்தான் சொன்னேனே என்று குத்திக்காட்டவில்லை. ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் முதலாளியம்மாவிடமும் சொன்னார். பொருட்காட்சியில் நடந்ததிலிருந்து எல்லாவற்றையும். முதலாளியம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஆச்சரியமாகப் பார்த்தார்.

"இதைச் சொல்றதுக்கா பயந்தீங்க? நான் கேலி பண்றேன்னா? அட, எங்கப்பா ஒரு வருஷம் இடதுகாது கொக்கி இல்லாத சட்டம் இருநூறு எடுத்துட்டு வந்தாரு. அதைச் சொல்லிச் சொல்லி நாங்க இன்னும் சிரிக்கிறோம். சரக்கு மட்டம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே மூலையில போட்டிருப்பேனே பஞ்சு சார்."

இது அவருக்கு இன்னும் வலித்தது. எந்தச் சிரிப்புக்குப் பயந்து அந்த ஒரு வாக்கியத்தை விழுங்கினாரோ, அந்தச் சிரிப்பில் ஒன்றுமே இல்லை.

அவர் கீழே சட்டம் பொருத்திய நாட்களில் மேலே மற்றவர்கள் விற்றிருந்த ஆறு பெட்டிகளில் நாலு பேரின் போன் நம்பர் கிடைத்தது. ஒவ்வொருவரையும் கூப்பிட்டார். இரண்டு பேர் அதை எப்போதோ தூக்கிப் போட்டிருந்தார்கள். ஒருவர் யார் நீங்கள், எந்தக் கடை என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். நாலாவது ஆள், ஒரு பேருந்து நடத்துனர், பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டு, சார், நிலாவுல பள்ளம் பள்ளமா தெரியுது, வீட்ல எல்லாரும் வரிசைல நிக்கிறாங்க என்றார். பஞ்சு ரொம்ப சந்தோஷம் என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது, கொஞ்ச நேரம். பரணில் மிச்சமிருந்தவற்றின் பெட்டியை மட்டும் எறிந்துவிட்டு, எண்ணைப் பற்றியும் இருபதைப் பற்றியும் தன் கையால் எழுதிய ஒரு தாளோடு, கேட்ட பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். தையல்காரம்மா கொடுத்ததை மட்டும் பஞ்சு கொடுக்கவில்லை, விற்கவும் இல்லை. சுருக்குப்பைகளோடு அது மேல்தளத்து அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது.

அதற்குப் பிறகும் பதினோரு வருஷம் அவர் அந்த மாடியில் வேலை பார்த்தார். நாற்காலியைக் காட்டுவதும் கேள்வி கேட்பதும் மாறவில்லை. வாங்கியவர்களைத் தானே இரண்டு தடவை போனில் கூப்பிட்டு என்ன தெரிகிறது என்று விசாரிப்பார், அது மட்டும் புதுசு. இப்படி ஒரு கடைக்காரரா என்று ஜனங்கள் புகழ்ந்தார்கள். புகழும்போதெல்லாம் அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனவர் வணிக வளாகத்தின் படிக்கட்டுக்கு அருகே நின்றார். உள்ளே போவதா வேண்டாமா என்று முடிவாகவில்லை. கைப்பையில் ஒரு பேன்ட் இருந்தது, இடுப்பைப் பிடிக்கக் கொடுக்கலாம் என்று ஒரு சாக்கு. படிக்கு அடியில் இப்போது செருப்புத் தைக்கிற ஒருவர் உட்கார்ந்திருந்தார். தையல்காரம்மாவா, அவங்க தங்கச்சியோட போயிட்டாங்களே, நாலஞ்சு வருஷம் இருக்கும் என்றார் அவர். எந்த ஊர் என்று தெரியவில்லை. எப்படி இருந்தாங்க என்று பஞ்சு கேட்டார். அந்த ஆளுக்குக் கேள்வி புரியவில்லை. நல்லாத்தான் இருந்தாங்க, ஏன் சார் என்றார்.

ஒண்ணுமில்ல, சும்மாத்தான் என்று சொல்லிவிட்டு பஞ்சு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.